சிவப்புக் கல்லும் கேன் தண்ணியும்

சரிபார்க்க வந்தவர் முதல் நாள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ஏதாவது பதில் சொல்லி அனுப்பிவிடலாம். அவர் தோள்பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொண்டு குழாய் குழாயாகப் போனார். ஒவ்வொன்றிலும் தண்ணீர் பிடித்து, மூடி, எண் எழுதி ஒட்டினார். கல் அறுக்கும் இயந்திரத்தின் அடித்தொட்டியில் ஒரு புட்டி, கை கழுவும் தொட்டியில் ஒரு புட்டி. கழிப்பறைக் குழாயைக்கூட அவர் விடவில்லை.

மத்தியானத்துக்குள் வாட்ச்மேன் அவருக்குப் பெயர் வைத்தாயிற்று.

"அக்கா, இந்தப் புட்டிக்காரர் நம்ம தண்ணிய வித்துப் பொழைக்கப் போறாரா என்ன?"

முப்பது அக்கா சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் அவளே நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது வயசால் அல்ல, வயசு நாற்பத்தொன்பது. கல்லை அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவிப் போகிற அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. முப்பது மைக்ரான் கனம் இருக்க வேண்டும். தலைமுடியின் பருமனில் பாதிகூடக் கிடையாது. இயந்திரம் ஓரளவுக்குத்தான் கொண்டுவரும். கடைசித் தேய்ப்பு கையால்தான்: சமமான கண்ணாடிப் பலகை, சாம்பல் நிறத் தேய்ப்புப் பொடி, கொஞ்சம் தண்ணீர், இரண்டு விரல். அதிகம் அழுத்தினால் கல்லே காணாமல் போய்விடும், அழுத்தாவிட்டால் வெளிச்சம் ஏறாது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கல்லூரிக்குப் பேராசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் விரல்கள் போகவில்லை.

எதையும் லேசில் நம்பாத பெண்பிள்ளை அவள். கடையில் வாங்கிய சாமானை அடுத்த கடைத் தராசில் ஒரு தரம் நிறுத்துப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள், நாலாவது தரம் இழுத்தால் அந்தப் பூட்டே கும்பிடு போட்டு 'விட்டுடு தாயே' என்று கெஞ்சும். அப்படிப்பட்டவளை இப்போது ஒருவர் சந்தேகப்பட வந்திருக்கிறார். அதுதான் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

விஷயம் இதுதான். ஊருக்கு மேற்கே உள்ள இரும்புக் குவாரியில் ஆழத் துளை போட்டு எடுத்த சிவப்புக் கல்லில், கல்லூரியின் நிலவியல் துறை மேடம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். கல்லுக்குள் துருவினாலான குழாய்கள், நூலை விட மெல்லியவை. இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னால், மீன் இல்லை, புல் இல்லை, பார்க்கக் கண்ணுள்ள ஒரு ஜீவன்கூட இல்லாத காலத்தில், கடலடியில் இரும்பைத் தின்று உயிர் வாழ்ந்த நுண்ணுயிர்கள் விட்டுப்போன கூடு என்று மேடம் எழுதினார். பெரிய மனிதர்கள் படித்தார்கள், பாராட்டினார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: பன்னிரண்டு சில்லுகளில் முதல் ஆறில் ஒன்றும் இல்லை, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் எப்படிக் கொத்துக் கொத்தாக இருக்கிறது? இன்றைக்கும் துருப்பிடித்த தண்ணீர்க் குழாய்களில் இதே மாதிரிக் குழாய் வளர்க்கும் உயிர்கள் உண்டே. தேய்க்கும்போது தண்ணீரோடு வந்து கல்லின் விரிசலில் உட்கார்ந்திருந்தால்? அதைச் சரிபார்க்கத்தான் புட்டிக்காரர் வந்திருக்கிறார்.

முதல் ஆறும் மேல் அடுக்குக் கல், பின் ஆறும் அடி அடுக்குக் கல், அதனால்தான் வித்தியாசம் என்று மேடம் பதில் எழுதினார். பதில் நல்ல பதில்தான். ஆனால் அடுக்கு மட்டுமா மாறியது? ஏழாவது சில்லிலிருந்து தேய்த்த இடமும் மாறியது. அது மேடத்துக்குத் தெரியும், முப்பது அக்காவுக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது.

சாயங்காலம் மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, அவர் நாளைக்கு உங்ககிட்ட கேப்பார். எங்க தேய்ச்சீங்கன்னு கேட்டா, பதிவேட்டுல இருக்கறதைச் சொல்லிடுங்க."

"பதிவேட்டுல இந்த அறைன்னுதான் இருக்கு மேடம். நீங்கதானே அப்படி எழுதச் சொன்னீங்க."

"அதைத்தான் சொல்றேன். எழுதினதைச் சொல்றது பொய்யா? நீங்க சுத்தத் தண்ணியிலதானே தேய்ச்சீங்க?"

"இங்கேர்ந்து எடுத்துட்டுப் போன கேன் தண்ணியிலதான்."

"அப்புறம் என்ன? கை அதே கை, தண்ணி அதே தண்ணி. நீங்க பயப்படாம இருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

வேலையைப் பற்றித் தான் பேச்சே எடுக்கவில்லையே என்று முப்பது அக்கா நினைத்தாள். போன மாதம் வரை 'நாம கண்டுபிடிச்சது' என்று வாய்க்கு வாய் சொன்ன மேடம், இன்றைக்கு 'நீங்க தேய்ச்சது' என்கிறார். ஏதாவது ஆனால் யார் தலையில் விடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் மேடம் அந்த இடத்தில் கை வைக்கிறார்.

தெருவில் இறங்கினால் காற்று சிவப்பாக வீசிக்கொண்டிருந்தது. குவாரியில் மாலை வெடி வைத்து முடித்தால் அரை மணி நேரத்துக்கு அப்படித்தான். கொடியில் காயும் வெள்ளைத் துணி சிவப்பாகும், பல்லில்கூட நறநறவென்று தூசி கடிபடும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

வீடு குவாரித் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசையில் கடைசி வீடு. மூன்று அறைகள். அவள் புருஷன் அந்தக் குவாரியில் இருபத்தேழு வருஷம் துளை போட்டவர், ஊரில் டிரில்லர் என்றால்தான் தெரியும். மேடம் ஆராய்கிற அந்தக் கல்லை நானூறு அடி ஆழத்திலிருந்து மேலே எடுத்ததே அவர்தான். எடுத்து முடித்த வாரம் இரும்புத் தண்டு சரிந்து இடுப்பில் விழுந்தது. நாலு மாதம் படுக்கை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவள் விடுப்புக் கேட்டபோது, 'விடுப்பெல்லாம் வேணாம் அக்கா, கடைசித் தேய்ப்பை வீட்லயே வச்சுப் பண்ணுங்க' என்று வழி சொன்னதும் மேடம்தான். கண்ணாடிப் பலகை, பொடி, ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனில் காய்ச்சி வடித்த தண்ணீர், சின்ன மைக்ராஸ்கோப்பு எல்லாம் பின்னறை மேஜைக்கு வந்து சேர்ந்தன. இப்போது அவர் கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். மேஜை மட்டும் திரும்பிப் போகவில்லை.

முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது புருஷனுடைய தங்கை. நாற்பத்தைந்து வயசிலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. அவளுடைய வீட்டுக்காரன், வீட்டுச் சாமானை எடுத்துப் பிறந்த வீட்டுக்குக் கொடுக்கிறாள் என்று பழி போட்டு வெளியே அனுப்பியவன். அப்படி வந்து நின்ற அன்று வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனவள் முப்பது அக்காதான். பதினாலு வருஷம் இரண்டு பேரும் ஒரே அடுப்பைப் பகிர்ந்தாகிவிட்டது. சண்டை வராமல் இல்லை, ஆனால் பாத்திரத்தோடு போய்விடும்.

"அண்ணி, இன்னைக்கும் ஜெல்லி புடிச்சிருக்கு பாருங்க" என்று பாப்பா குழாய்த் துணியை அவிழ்த்துக் காட்டினாள். ஆழ்குழாய்த் தண்ணீரை வடிகட்டக் குழாய் வாயில் அவளே தைத்துக் கட்டிய பை அது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று ஒரு கை அளவு. எத்தனையோ வருஷமாகப் பார்த்த அசிங்கம்தான். இன்றைக்குத்தான் அக்கா அதைக் கையில் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். புட்டிக்காரர் ஊரெல்லாம் தேடுவது இதைத்தானே?

'நம்ம தண்ணி கேன் தண்ணி' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு பின்னறைக்குப் போனாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்த பரிசோதனை ஒன்று உண்டு. கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து விளக்குச் சூட்டில் காய விட வேண்டும். வடித்த தண்ணீர் என்றால் காய்ந்த இடமே தெரியாது, வேறு தண்ணீர் என்றால் வளையம் நிற்கும். கேன் மேல் லேபிள் இருக்கிறதே என்று எத்தனை மாதமாக அதைச் செய்யாமல் விட்டிருந்தாள்!

சொட்டு காய்ந்தது. பழுப்பு வளையம் நின்றது. துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு வைத்தாள், அதிலும் வளையம். மூடியைத் திறந்து விரலை விட்டு உள்வாயைத் தடவினாள். விரலில் வழவழப்பு ஏறியது.

யாரோ தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாயில் பிடித்து நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

யார் என்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வீட்டில் ஒரு பாத்திரம் காலியாக இருந்தால் பாப்பாவுக்குப் பொறுக்காது. குடம், வாளி, சொம்பு, பாட்டில், கண்ணில் பட்டதையெல்லாம் நிரப்பி வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"பாப்பா, மெஷினை நிறுத்து. இந்தக் கேன்ல இருந்த தண்ணிய எதுக்கு எடுத்த?"

"நான் எங்க எடுத்தேன்?"

"இஸ்திரிப் பெட்டிக்கு ஊத்தினியா?"

"என் பெட்டிக்குத் தண்ணியே வேணாம். கரிப்பெட்டி அது. என்ன அண்ணி, புதுசாப் பாக்கற மாதிரி கேக்கறீங்க?"

"எடுத்துட்டு, கொறையுதேன்னு கொழாயில பிடிச்சு ரொப்பியிருக்க. எதைப் பார்த்தாலும் ரொப்பற கைதானே உன் கை."

"அண்ணி, எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிட்டுப் போறேன். தண்ணிதானே. நகையா நட்டா?"

"தண்ணிதானேன்னு சொல்ற வாய்தான் இதைச் செஞ்சிருக்கும். அந்தத் தண்ணியில என் சோறு இருக்குடி! நாளைக்கு அந்தாளு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நான் எடுக்கலைங்கிறேன்."

"அப்ப தானா நடந்து போய்க் கொழாயில பிடிச்சுக்கிச்சா கேனு?"

பாப்பா ஜன்னலோரம் திரும்பினாள். டிரில்லர் நாற்காலியில் உட்கார்ந்து கம்பின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீயாவது சொல்லேன்."

"எனக்கென்ன தெரியும்? நான் ஒரு மூலையில கெடக்கறவன். உங்க பஞ்சாயத்துல என்னை இழுக்காதீங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கோபம் வந்துவிட்டால் அக்காவின் நாக்குக்கு முப்பது மைக்ரான் கணக்கெல்லாம் கிடையாது.

"உன் வீட்டுக்காரன் எதுக்கு உன்னை அனுப்பினான்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. கை சும்மா இருக்காதுன்னு அவனும் இதையேதானே சொன்னான்."

மெஷின் சக்கரத்தின் மேல் வைத்த பாப்பாவின் கை அப்படியே இருந்தது. சொன்ன வார்த்தை அக்காவுக்கே சுட்டது, ஆனால் சந்தேகம் கெட்டியாக உட்கார்ந்திருக்கும்போது மன்னிப்பு எங்கே வாய்க்கு வரும்? மறுநாள் காலை வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. பாப்பா மெஷினையும் இரண்டு துணி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கடைத்தெருத் தையல்காரம்மா கடைக்குப் போய்விட்டாள். போகும்போது குழாய்த் துணியைக் கழுவிக் கட்டிவிட்டுத்தான் போனாள்.

அக்கா அன்றைக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். நேராகப் புட்டிக்காரர் மேஜையில் வைத்தாள். அவளை அப்படிச் செய்ய வைத்தது நேர்மை மட்டும்தான் என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். கெட்டுப்போன சில்லைத் தெரிந்தே கொடுத்துவிட்டுத் தூங்க முடியாது, அது ஒன்று. மேடம் முந்திக்கொள்வதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும், அது இன்னொன்று.

"ஏழாம் நம்பர்லேர்ந்து கடைசித் தேய்ப்பு என் வீட்லதாங்க. இந்தக் கேன் தண்ணியிலதான். இது வடிச்ச தண்ணி இல்ல, கொழாத் தண்ணி கலந்திருக்குன்னு நேத்துத்தான் எனக்குத் தெரியும்."

புட்டிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மேடத்தை வரச் சொன்னார்.

"வீட்டுக்கா எடுத்துட்டுப் போனாங்க?" என்றார் மேடம். "எனக்கு இது புது செய்தி சார்."

பச்சைப் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். மேடம் அவள் முகத்தைப் பார்க்காமல் புட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி மேடம். உங்களுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்."

"யார் சொன்னது, யாருக்குத் தெரியும், அதெல்லாம் காலேஜ் பாத்துக்கட்டும்" என்றார் புட்டிக்காரர். "எனக்குக் கல்லு சொன்னாப் போதும். அம்மா, உங்க வீட்டுக் குழாயில அந்த ஆரஞ்சு வழவழப்பு உண்டா?"

கேனின் உள்வாயிலிருந்தே அவர் ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அவளைப் பார்க்கச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாகக் கல்லைப் பார்த்த கண் அன்றைக்குத்தான் அந்த அசிங்கத்தை முதன்முதலாகப் பார்த்தது. மெல்லிய குழாய்கள், முறுக்கிய நாடாக்கள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்தில் ஒன்பதாம் சில்லை மாற்றி வைத்தார். அதே குழாய், அதே முறுக்கு. இரண்டையும் ஒரே கொத்தனார் கட்டிய மாதிரி இருந்தது.

"இதுதான் தொல்லை" என்றார் அவர். "அன்னைக்கு இருந்தது என்ன பண்ணுச்சோ, அதையேதான் இன்னைக்கு இதுவும் பண்ணுது. இரும்பைத் தின்னுட்டுத் துருவால வீடு கட்டுது. உங்க சில்லுல இருக்கறது கடல்லேர்ந்து வந்ததா, உங்க குளியலறையிலேர்ந்து வந்ததான்னு எப்படிச் சொல்றது? கல்லு வேற விரிசல் விட்ட கல்லு."

"விரிசல்ல கெடந்தா என் தண்ணி. கல்மணிக்கு, அந்தச் சின்னப் பளிங்குத் துகளுக்கு உள்ள, நாலு பக்கமும் மூடிக் கெடந்தா அது கல்லோடது. அவ்வளவுதானே?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவுதான்."

"அப்ப மறுபடி அறுக்கலாம். ஆறு கல்லோட மறுபாதியும் என்கிட்ட இருக்கு. நான் எதையும் தூக்கிப் போடுறதில்ல."

இரும்பு அலமாரியில் காகிதம் சுற்றி எண் போட்டு வைத்திருந்த ஆறு துண்டுகளும் வெளியே வந்தன. மூன்று நாள் வேலை. சீல் உடைக்காத கேன் வந்தது, தினமும் காலையில் புட்டிக்காரர் கண்முன்னே சொட்டு வைத்துக் காய்ச்சிக் காட்டினாள். வளையம் இல்லை. வைர அலகு சுழன்று கல்லுக்குள் இறங்கியபோது சிவப்புத் தண்ணீர் தெறித்தது. அறுத்த முகத்தைச் சமமாக்கி, கண்ணாடியில் பசை தடவி ஒட்டி, மேலே எடை வைத்து, மறுபடி அறுத்து, மறுபடி தேய்த்தாள். கடைசியில் விரலால் எட்டுப் போட்டுத் தேய்ப்பு. பத்துச் சுற்றுக்கு ஒரு தரம் கழுவி வெளிச்சத்தில் பார்ப்பாள். கல்மணி மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் கனம் இருக்கிறது. வெளிர் சாம்பலுக்கு வந்தால் முப்பது, கையை எடுத்துவிட வேண்டும்.

புட்டிக்காரர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். டீ வந்தால் குடிப்பார், கண் மட்டும் அவள் கையை விட்டுப் போகாது.

"உங்களைச் சந்தேகப்பட்டு உட்காரலம்மா. நான் பார்த்தேன்னு சொன்னா நாளைக்கு யாரும் உங்களைக் கேக்க முடியாது, அதுக்குத்தான்."

அவள் அதையும் நம்பவில்லை. அடுத்த சில்லை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முன்னறை மெஷின் இல்லாமல் அகலமாகத் தெரிந்தது. குழாய்த் துணியில் வழிய வழிய ஜெல்லி. அவளே கழுவிப் போட்டாள். ரொட்டியும் டீயும் வைத்துவிட்டு உட்கார்ந்தபோது கரண்ட் போனது. குவாரியில் கல் உடைக்கும் பெரிய மெஷினைப் போட்டால் தினமும் அந்த நேரத்துக்குப் போகும். மின்விசிறி நிற்காமல் சுற்றியது. பின்னறையில் மேஜைக்குக் கீழே இன்வெர்ட்டர் உறுமியது. அடுத்த வீடுகளில் பேட்டரி போய்ப் பெட்டி பெட்டியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பேட்டரி ஏழு வருஷமாக மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது.

ஏன் அப்படி இருக்கிறது?

குனிந்து பார்த்தாள். தண்ணீர் அளவு காட்டும் ஆறு முனைகளும் மேலே நின்றன. பேட்டரித் தண்ணீர் வாங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தாள். இந்த வருஷம் முழுக்க வாங்கிய நினைவே இல்லை.

"ஏங்க, பேட்டரிக்கு யார் தண்ணி ஊத்தறது?"

"நான்தான். மாசா மாசம் ஒண்ணாம் தேதி."

"எந்தத் தண்ணி?"

டிரில்லர் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"உன் கேன்லேர்ந்துதான். அதுக்கும் வடிச்ச தண்ணிதானே ஊத்தணும். உன் வேலைக்குக் கொறையக் கூடாதேன்னு கொழாயில பிடிச்சு ரொப்பி வச்சேன். கல்லுக்குத் தண்ணி தண்ணிதானேன்னு நெனச்சேன். துளை போடறப்ப நாங்க சேத்துத் தண்ணியையே ஊத்துவோம்."

"இத சொல்றதுக்கு உங்களுக்கு வாயில்லையா?"

"நீ என்னைக் கேக்கலையே."

"அவளைக் கேட்டப்ப இங்கதானே உக்காந்திருந்தீங்க! அவ கையைப் பிடிக்காத கொறையா உங்களைக் கேட்டாளே!"

"சொல்லணும்னுதான் வாய் வந்தது." அவர் கம்பையே பார்த்தார். "இந்த வீட்ல எனக்குன்னு இருந்த வேலை அது ஒண்ணுதான். அதையும் தப்பாச் செஞ்சிட்டேன்னு உன் வாயால கேக்கணுமான்னு இருந்துட்டேன். அப்புறம் நீ அந்த வார்த்தையச் சொல்லிட்ட. அதுக்கு மேல எனக்குத் தைரியம் வரல."

அவளுக்கு அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. கட்டின புருஷன், ஒரே அறை, ஒரே மேஜை, கேனுக்கும் அவருக்கும் நாலு அடி தூரம். கடைத் தராசிலிருந்து வீட்டுப் பூட்டுவரை ஒன்றையும் விடாமல் சந்தேகப்பட்டவளுக்கு அவர் பெயர் மட்டும் தோன்றவே இல்லை. நம்பிக்கையால் தோன்றாமல் போகவில்லை. எதையாவது எடுத்துச் செய்யக்கூடிய ஆளாக அவரை அவள் எண்ணுவதையே நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதை நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. விசிறிக் காற்றில் டீ ஆறிப்போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆறு சில்லும் தயார். புட்டிக்காரர் ஒவ்வொன்றையும் வைத்து, மேலே கீழே திருகித் திருகி, ஒரு மணி நேரம் பார்த்தார். நாலு சில்லில் ஒன்றுமே இல்லை, வெறும் சிவப்புக் கல். அந்த நாலின் பழைய சில்லுகளில் இருந்ததெல்லாம் அவள் வீட்டுக் குழாய்ச் சரக்கு. ஒன்பதிலும் பதினொன்றிலும் அவர் நிறுத்தி அவளைக் கூப்பிட்டார்.

விரிசல் இல்லாத ஒரு கல்மணி, கண்ணாடி மாதிரி தெளிவு. அதன் நடுவயிற்றில், மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல், மூன்று சிவப்புக் குழாய்கள் படுத்திருந்தன. எந்தத் தண்ணீரும் அங்கே போக வழியில்லை. கல் பிறந்த அன்றைக்கு உள்ளே இருந்தவை. அக்கா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"நாம ஜெயிச்சிட்டோம் அக்கா!" என்று மேடம் அவள் தோளைப் பிடித்தார். 'நாம' திரும்பி வந்துவிட்டது.

"ரெண்டுல இருக்கு மேடம். மீதி நாலுல என் வீட்டுத் தண்ணி. அதையும் சேத்து எழுதுங்க."

எழுதினார்கள். அவள் வேலை போகவில்லை. பதிவேட்டில் பொய் எழுதியதற்கு அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேடத்துக்கு வரவில்லை. புட்டிக்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசல்வரை வந்து கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிட்டாள், ஆனால் மனசு அங்கே இல்லை. மணி ஐந்தாகியிருந்தது. குவாரி வெடியின் தூசி இன்னும் அடங்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைத்தெருவுக்கு நடந்தாள்.

தையல் கடையில் பாப்பா வாசலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காலர் ஏற்றிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்தாள், மெஷினை நிறுத்தவில்லை. அக்கா படியில் நின்றாள்.

"பாப்பா, தண்ணிய எடுத்தது நீ இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி. அண்ணன் கம்பை ஊனிக்கிட்டு ஒத்தக் கையால கேனைப் பிடிச்சதை நான் பாத்திருக்கேன். ஒரு தரம் இல்ல, மூணு தரம்."

"பாத்தியா?" அக்கா ஒரு படி ஏறினாள். "அப்புறம் ஏண்டி சொல்லல? அவ்வளவு பேசினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

பாப்பா மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

'நம்பியிருப்பேன்' என்று சொல்ல வாய் வந்தது. சுலபமான வார்த்தை. அக்கா அந்த நாளை ஒரு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நடக்கவே முடியாத மனுஷன் மேல் பழி போடுகிறாயா என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத்தான் கேட்டிருப்பாள்.

"இல்ல" என்றாள். "நம்பியிருக்க மாட்டேன்."

பாப்பா காலால் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள்.

"இதை நம்பறேன். உக்காருங்க."